கசக்காத கூழ்

"இன்னாடி, கூழு தெனமும் கசக்குது?" சாந்தி சொம்பை ணங்கென்று வைத்தாள்.

"மோரு பழசும்மா. குடி, சபைக்கு நேரமாவுது."

ஹேமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலிப்பு மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலக்குவது அவள்தான். விசுவாசிக்கு மாத்திரை எதற்கென்று பாஸ்டர் வேதத்தைத் திறந்து கேட்டதும், சாந்தி அட்டையோடு கொண்டுபோய் சபை மேடையிலிருந்த கூடையில் போட்டுவிட்டாள். அந்த வாரமே குழாயடியில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப்பின் இந்தத் திருட்டு வைத்தியம். வீட்டின் முதல் பட்டதாரி, பெற்றவளுக்கு மருந்து கொடுக்கத் திருட்டுத்தனம் செய்ய வேண்டியிருந்தது.

உப்பளத்துத் தகரக் கொட்டகைச் சபையில் அன்று சாந்தி சாட்சி சொன்னாள். மில்லில் தலைகுனிந்தே வேலை செய்தவள் கையில் மைக்.

"கிறிஸ்மசுக்கு அப்புறம் ஒரு தடவ கூட வலிப்பு வரல. மாத்திரய தொடவே இல்ல!"

"அல்லேலூயா!" தகரம் அதிர்ந்தது.

பக்கத்து வீட்டுப் பூர்ணிமா எழுந்தாள். இடுப்பில் மகள் இனியா. அந்தக் குழந்தைக்கும் வலிப்புதான். கையிலிருந்த மாத்திரை அட்டையோடு கூடையை நோக்கி நடந்தாள்.

வாயை மூடிக்கொண்டால் அம்மா பிழைப்பாள், குழந்தை விழும். திறந்தால்? ஹேமலதா எழுந்துவிட்டாள்.

"போடாதக்கா! எங்கம்மாவுக்குத் தெனம் கூழுல மாத்திர கலக்கறேன். அதான் நின்னுச்சு."

பாஸ்டர் சிரித்தார். "ரெண்டு எழுத்து படிச்சதும் சாத்தான் எப்படிப் பேசுது பாருங்க. வசனத்த நம்புங்க."

"அந்த வசனத்த உங்க கண்ணாடிய கழட்டிட்டுப் படிங்க பாஸ்டர், பாக்கலாம்."

எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. தாய் அதன் தொடையைக் கிள்ளினாள்.

பூர்ணிமா சாந்தியைப் பார்த்தாள். "மெய்யாவாக்கா? கூழுல ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

சாந்தி மைக்கை இறுக்கிப் பிடித்தாள். மகளைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் தெரியல. கூழு கசக்கவேயில்ல."

அட்டை கூடையில் விழுந்தது. ஹேமலதா ஓடிப்போய் எடுத்து நீட்டினாள். பூர்ணிமா குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சாந்தி தானே கூழ் காய்ச்சி, தானே கரைத்துக் குடித்தாள்.

"பாத்தியா, கசக்கல."

பக்கத்து வீட்டில் இனியா ஓடியாடும் கொலுசுச் சத்தம் கேட்டது. அது நின்றுவிடக் கூடாதே என்று, கையில் அந்த அட்டையோடு, சுவரில் காதை வைத்து நின்றாள் ஹேமலதா.