அம்மா செத்த பாட்டு

அந்த வருஷம் அலபாமாவில் அம்மாக்கள் வரிசையாகச் செத்தார்கள். எல்லாரும் இசைத்தட்டில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பெஸ்ஸிமரிலும் பக்கத்து பர்மிங்ஹாமிலும் இருந்த, சபைகளில் நாலு குரலில் பக்திப் பாட்டுப் பாடும் கறுப்பர் குவார்டெட் கோஷ்டிகள் மொத்தம் பதினோரு புதுத் தட்டுகள் போட்டன. அதில் எட்டில் ஒரு தாய் சாகக் கிடந்தாள். ஒன்பதாவதில் கிடந்தது பெரியம்மா. அந்தப் பாடகன் தன் அம்மாவைப் போன வருஷமே செலவழித்துவிட்டான், வேறு என்ன செய்வான் பாவம்.

எட்டு அம்மாக்களில் நன்றாக விற்ற அம்மா ஹோசியா லாக்கெட்டுடையவள். ஹோசியா பைப் ஆலையில் வார்ப்பு வேலை பார்ப்பவன். 'பைப்ஷாப் ஹார்மனி ஃபோர்' கோஷ்டியின் முன்பாடகன். பெயரில் நாலு இருந்தாலும் ஆள் ஐந்து பேர். குவார்டெட்டில் குரலைத்தான் எண்ணுவார்கள், தலையை எண்ணுகிறவன் கணக்குப்பிள்ளை.

'அம்மா விளக்கைக் குறைக்கச் சொன்னாள்' என்பது பாட்டு. ஜனவரியில் நாஷ்வில்லில் பதிவு செய்தார்கள், ஏப்ரலில் தட்டு வெளிவந்தது. நடுவில் ஹோசியா பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவான். பின்னால் மற்ற நாலு பேரும் முனகிக்கொண்டே இருப்பார்கள். கட்டிலின் பக்கத்தில் தான் மண்டியிட்டதையும், அம்மாவின் கையைப் பிடித்ததையும் சொல்வான். பிறகு அம்மாவின் கடைசி வார்த்தை: "மகனே, விளக்கைக் குறைடா, எனக்கு வேற வெளிச்சம் தெரியுது." இந்த இடத்தில் டஸ்கலூசாவிலிருந்து மோபீல் வரைக்கும் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். சபையின் வெள்ளைச் சீருடைச் சகோதரிகள் விசிறியால் வீசி வீசிக் கை ஓய்ந்தார்கள்.

அம்மா லூவீனியா லாக்கெட் அறுபத்தெட்டு வயதில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். பதினேழாம் தெருவில் தன் வீட்டில் மகள் ஒடெஸாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸ்கட் சுட்டுக்கொண்டே தான் சாவதை ரேடியோவில் கேட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மே மாதம் செல்மாவிலிருந்து ஓர் அம்மாள் பஸ் பிடித்து, மடியில் கேக்கை வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள். கதவைத் திறந்தது லூவீனியா.

"பிரதர் லாக்கெட் வீடு இதுதானேங்க? அவரு அம்மா தவறிட்டாங்கன்னு கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல."

"அது நான்தான்."

வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இந்தக் கேக்கு?"

"அதை உள்ள கொண்டாந்து வை. வெயில்ல நிக்காத, நீயும் போய்ச் சேர்ந்துடப் போற."

இரண்டு பேரும் உட்கார்ந்து பாதிக் கேக்கைத் தின்றார்கள். மீதியை ஒடெஸா ஹோசியாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவிடமிருந்து கேக்தான் வந்தது, பேச்சு வரவில்லை. தட்டு வெளிவந்த நாளிலிருந்து லூவீனியா மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், "ஒடெஸா, உன் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் கீரை வேணுமான்னு கேளு" என்பாள். ஒடெஸா திரும்பி, "கீரை வேணுமாண்ணே?" என்பாள். ஹோசியா வேண்டும் என்பான். ஒடெஸா திரும்பி, "வேணுமாம்" என்பாள். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு மொழிபெயர்ப்பு இல்லை.

நாற்பத்தொரு வயது ஆம்பிளைக்கு அம்மா பேசாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். முழுகத்தான் செய்தது. அவனுக்கு அப்பா நினைவில்லை, பெண்டாட்டி விட்டுப் போய் ஒன்பது வருஷம். 'டேய் ஹோசியா' என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வாய்தான் இருந்தது. அது மூடிக்கொண்டதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மேடையில் ஆயிரம் பேர் "பாடு பிரதர்!" என்று கத்தினார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தன்னைச் சாகடித்ததுதான் கோபம் என்று அவன் முடிவு கட்டினான். மெம்ஃபிஸிலிருந்து அம்மாவுக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தான், அது பெட்டியிலேயே கிடந்தது. கோஷ்டியின் மேனேஜரும் பாரிடோன் குரலுமான கிளியோஃபஸ் வாட்லியிடம் போய் நின்றான்.

"அண்ணே, அடுத்த பதிவுல அம்மாவ உயிரோட வச்சு ஒரு பாட்டுப் போட்டா என்ன?"

"உயிரோட இருந்து என்ன பண்ணுவாங்க பாட்டுல?"

"ஜெபம் பண்ணுவாங்க. சமைப்பாங்க."

"யாரும் சாகலன்னா எவன்டா அழுவான்?" என்றார் வாட்லி. ஆனாலும் ஹோசியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜூன் பதிவில் அம்மா நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாள். தட்டு விற்கவில்லை. தட்டை வாங்கிய ஆறு பேரில் ஒருத்தர் கடைக்குத் திரும்பி வந்து, இதில் ஏதோ குறைகிறது என்று புகார் சொன்னதாகக் கேள்வி. லூவீனியா அதையும் ரேடியோவில் கேட்டாள். "ஒடெஸா, அந்த ரேடியோவ நிறுத்து" என்றதோடு சரி. செப்டம்பரில் ரயில் பாட்டு ஒன்று பதிவு செய்தார்கள். ரயில் யாருக்கும் பிள்ளை இல்லை, அதனால் வம்பு வரவில்லை.

டிசம்பரில் கோஷ்டியின் பதினைந்தாம் ஆண்டு விழா வந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, நியூ ஷைலோ சபையில். ஆண்டு விழா என்றால் சுற்றுவட்டாரக் கோஷ்டிகள் எல்லாம் வந்து ஆளுக்கு இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள், கடைசியில் விழா வீட்டுக்காரர்கள் பாடுவார்கள். இந்த முறை இசைத்தட்டுக் கம்பெனியின் கிரான்ட்ஸ் துரை டேப் மெஷினோடு வந்திருந்தார். அதே விளக்குப் பாட்டை, ஜனங்களின் அழுகையோடு சேர்த்து, வருஷத்தின் கடைசிப் பதிவாக மறுபடி போடுவது அவர் திட்டம். ஸ்டூடியோவில் எடுத்ததில் அழுகை போதவில்லையாம்.

சனிக்கிழமை ஒடெஸா வந்து சொன்னாள்: "அண்ணே, அம்மா நாளைக்கு வராங்களாம்."

ஹோசியா துடைத்துக்கொண்டிருந்த ஷூவைக் கீழே வைத்தான். "பாட்டக் கேக்கவா?"

"கேட்டேன். 'பின்ன, சாகவா?'ன்னாங்க."

லூவீனியா வந்தாள். இரண்டாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, பழைய தொப்பியோடு உட்கார்ந்தாள். மற்றக் கோஷ்டிகள் பாடும்போது தாராளமாக ஆமென் சொன்னாள். பைப்ஷாப் ஹார்மனி ஃபோர் மேடையேறியதும் வாயை மூடிக்கொண்டு கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோசியா வேறு இரண்டு பாட்டுப் பாடி நேரத்தைக் கடத்தினான். கிரான்ட்ஸ் துரை மெஷினுக்குப் பின்னாலிருந்து விரலைச் சுழற்றினார். சபை "விளக்கு! விளக்கு!" என்றது. வேறு வழியில்லை. வாட்லி சுருதி கொடுத்தார், பேஸ் குரல்காரன் டெம்ப்ஸி அடியில் முனக ஆரம்பித்தான்.

பாதிப் பாட்டு முடிந்து பேச்சு வந்தது. ஹோசியா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் அந்த ரூமுக்குள்ள போனேன், சபையே! என் அம்மா கட்டில் பக்கத்துல மண்டி போட்டேன்!"

"எந்தக் கட்டில்?"

லூவீனியா எழுந்து நின்றிருந்தாள்.

பாட்டுக்கு நடுவில் ஒரு மூதாட்டி எழுந்தால் அந்தச் சபைகளில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். ஆவியானவர் எழுப்பியிருப்பார், நாம் ஏன் குறுக்கே போவது? "சொல்லுங்கம்மா!" என்றது சபை. விசிறிச் சகோதரி ஒருத்தி ஓடி வந்து அவளுக்கு வீசினாள். முன்பாடகன் கை காட்டும்வரை பின்னால் முனகுகிறவர்கள் நிறுத்தக் கூடாது என்பது குவார்டெட் சட்டம். அவர்கள் முனகிக்கொண்டே இருந்தார்கள்.

"எந்தக் கட்டில் பக்கத்துலடா மண்டி போட்ட? என்னைச் சாகடிச்சியே, அது போகட்டும். எல்லாரும் ஒருநாள் போறதுதான். செத்ததுக்கு நல்ல கேக்கு கூட வந்துச்சு."

"ஆமென்!" என்றது சபை, ஒன்றும் புரியாமல்.

"பதினோரு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். கதவு தொறக்கிற சத்தம் கேட்டா நீயான்னு பாப்பேன். நர்ஸு வரும். போதகர் வருவாரு. பெருக்குற பொம்பளைகூட வந்து உக்காந்துட்டுப் போனா. நீ வரல. இப்ப ரேடியோவுல என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேங்கிற. அதைத்தான்டா என்னால கேக்க முடியல."

உண்மைதான். ஜனவரியில் அவளுக்கு நிமோனியா. ஒடெஸா நாஷ்வில் விடுதிக்குப் போன் போட்டு அழுதாள். மறுநாள் பதிவு, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றான் ஹோசியா. பதிவு முடிந்ததும் சாட்டனூகாவில் நிகழ்ச்சி வந்தது, அப்புறம் நாக்ஸ்வில். ஊர் வந்து சேர்ந்தபோது அம்மா வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாளே, அப்புறம் என்ன என்று நினைத்தான். அதை அவன் மறந்தான் என்று சொல்ல முடியாது. மனசுக்குள் அந்தத் தெருப்பக்கம் போகாமல் சுற்றி நடந்தான், அவ்வளவுதான். வராத மகனை அவள் எட்டு மாதமாக ஞாயிறு தோறும் வந்ததாக ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஹோசியாவுக்கு வெட்கம் உச்சந்தலையிலிருந்து இறங்கியது. இத்தனை நாள் தொப்பி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தோமே என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சபை முழுக்க அவனைப் பார்த்தது. டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான், பதினைந்து வருஷப் பழக்கத்தில் வார்த்தை ராகத்தோடுதான் வந்தது.

"நான் அங்க இல்ல."

முன்பாடகன் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையைப் பிடித்துத் திருப்பிப் பாடுவது பின்பாட்டுக்காரர்களின் வேலை. யோசிப்பது அவர்கள் வேலையில்லை.

"இல்ல, இல்ல," என்றார்கள் நாலு பேரும், நாலு குரலில், வெகு சுத்தமாக.

"போன் வந்துச்சு, நான் போகல."

"போகல, போகல."

"எங்கம்மா கதவப் பாத்துக்கிட்டுக் கெடந்தா."

"கெடந்தா, கெடந்தா."

"கட்டிலே நான் பாக்கல. விளக்கும் பாக்கல. எல்லாம் பொய்யி."

"பொய்யி, பொய்யி," என்று டெம்ப்ஸி அடிக் குரலில் இறங்கினான். அவ்வளவு ஆழமாக அவன் அதற்கு முன் பாடியதில்லை, பின்பும் பாடவில்லை.

ஹோசியா அதோடு பாட்டை விட்டான். மேடையை விட்டு இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில், நடைபாதையில், நிஜமாகவே மண்டியிட்டு அழுதான். நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை. அதனால் மேலே நாலு பேரும் பொய்யி பொய்யி என்று இன்னும் ஆறு நிமிஷம் பாடினார்கள். சபை தரையில் கிடந்தது. பதினோரு பேர் விழுந்தார்கள், விசிறிச் சகோதரிகளில் இரண்டு பேர் உட்பட.

முடிந்ததும் கிரான்ட்ஸ் துரை ஓடி வந்தார். அவர் முகம் ஜொலித்தது. "லாக்கெட், இதுதான்யா பாட்டு! பொய்யுனு சொல்ற பாட்டு நாட்டுல ஒருத்தன்கிட்டயும் இல்ல. ஆனா சபைச் சத்தத்துல பாதி வார்த்த அமுங்கிடுச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பர்மிங்ஹாம் வாங்க, சுத்தமா ஒரு தடவ எடுத்துடலாம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களும் ரெண்டு வரி பேசட்டும்."

"பத்து மணி. வந்துடுவோம்," என்றார் வாட்லி.

லூவீனியா கைப்பையை மூடினாள். "ஒடெஸா," என்று ஆரம்பித்தாள். ஒடெஸா கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கோழி பரிமாறிக்கொண்டிருந்தாள். லூவீனியா இரண்டு பக்கமும் பார்த்தாள். மொழிபெயர்க்க ஆள் இல்லை.

"டேய் ஹோசியா," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு நெஞ்சுல எக்ஸ்ரே படம் எடுக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

வாட்லி ஹோசியாவைப் பார்த்தார். கிரான்ட்ஸ் ஹோசியாவைப் பார்த்தார்.

"வரேம்மா," என்றான் ஹோசியா.

"பாட்டுலயும் வரத்தான் செஞ்ச," என்று சொல்லிவிட்டு லூவீனியா சாப்பிடப் போனாள்.

திங்கட்கிழமை அவன் ஒன்பதரைக்கே காரோடு வாசலில் நின்றான். ஆஸ்பத்திரியில் கறுப்பர் வாசல் பின்பக்கம், காத்திருக்கும் அறையில் ஏழு நாற்காலி, ஆள் முப்பது பேர். அம்மாவுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு மதியம் இரண்டு மணி வரை சுவரோரம் நின்றான். பர்மிங்ஹாமில் கிரான்ட்ஸ் பன்னிரண்டு மணிக்கு மெஷினைக் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது பிறகு தெரிந்தது. அந்த வருஷத்தின் பன்னிரண்டாவது தட்டு வெளிவரவே இல்லை. வாட்லி இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். லூவீனியா ஹோசியாவின் கையைப் பிடித்து எழுந்தாள். நர்ஸ் அவனை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ரேடியோவுல பாடுறவருதானே? அம்மா சாகறப்ப பக்கத்துலயே இருந்தாரே, அந்த லாக்கெட்?"

ஹோசியா தலையைக் குனிந்துகொண்டான்.

"அது வேற பையன்மா," என்றாள் லூவீனியா, கையை விடாமல். "இது என்கூட வந்த பையன்."