ஏழாம் தறிக்காரி வந்திருக்கிறாள்

விடிவதற்கு முன்பே முப்பது தறிகளும் ஓடத் தொடங்கிவிட்டன. நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கம் பாய்ந்தால் ஓர் அடி, அந்தப் பக்கம் பாய்ந்தால் இன்னோர் அடி. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் காது வலிக்கும், பிறகு பழகும், பிறகு காதே போய்விடும். புருவத்தில் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்க, ஏழாம் தறிக்காரி அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, விரல் நுனியை எச்சிலில் நனைத்து முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததில்லை. இன்று முதல் முடிச்சே நழுவியது. பத்து மணிக்கு அவள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

நூல் கிடங்கை ஒட்டி முன்பு ஓர் அறை இருந்தது. பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டு, முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் முதலாளி அதில் நூல் மூட்டைகளை அடுக்கினார். இவள் தன் ஐந்து வயது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். ஒருநாள் குழந்தை ஜன்னல் வழியே இறங்கி, அம்மாவைத் தேடி நடுத்தெருவில் நடந்தது. குழந்தைகள் நலத்துறையினர் தூக்கிக்கொண்டு போய்க் காப்பகத்தில் சேர்த்தார்கள். மூட்டை அடுக்கியவர் மேல் வழக்கில்லை, பூட்டுப் போட்டவள் மேல்தான் வழக்கு.

இரண்டு தடவை நீதிமன்றம் போனாள். காலை பத்து மணிக்குப் போய், விளக்கு அணைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிடும் டவாலி கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரே தடவை கூப்பிடுவார். தறிக்கூடத்துப் பெண்களுக்கு உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். முகம் தெரியாவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. இரண்டு தடவையும் ‘தாய் வரவில்லை’ என்று எழுதி மூடிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் வராவிட்டால் பிள்ளையை வேறு குடும்பத்துக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது.

நேற்றுத்தான் அந்தக் கடிதத்தைப் பக்கத்துத் தறிக்காரியிடம் காட்டினாள். எட்டாம் தறிக்காரிக்கு வாயாடி என்று பெயர். யாருக்கும் எதுவும் கேட்காத இடத்தில் அந்தப் பெயர் வாங்குவது லேசான காரியமல்ல.

“காது கேக்காதுன்னு அங்க சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி?” வாயாடியின் உதடு அசைந்தது.

“செவிட்டு அம்மாகிட்ட பிள்ளைய எப்படிக் குடுக்கிறதுன்னு கேப்பாங்கக்கா. இங்க தெரிஞ்சா வேலையும் போயிரும்.”

“அடி பைத்தியக்காரி, இங்க யாருக்குடி காது கேக்குது?”

உதட்டிலிருந்து உதட்டுக்கு, தறியிலிருந்து தறிக்குச் செய்தி போனது. மேஸ்திரி நடுவில் நடந்துகொண்டேதான் இருந்தார். வேலை முடிவதற்குள் முப்பது பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்.

இன்று ஒன்பது மணிக்கு வாயாடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். யாராவது கையைத் தறியில் கொடுத்துவிட்டால் காட்டுகிற சைகை அது. முப்பது தறிகளும் நின்றன. முதலாளி அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தார்.

“யாருக்குக் கை போச்சு?”

“கை போகலைங்க. இவளுக்குப் பிள்ளை போகப் போகுது. பத்துப் பேர் துணைக்குப் போறோம். அந்தத் தறிகளையும் சேத்து மீதிப் பத்தொம்பது பேர் பாத்துக்குவாங்க.”

“கோர்ட்டு விவகாரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

“பிள்ளைங்க இருந்த ரூம்ல மூட்டைய அடுக்கினது யாருங்க?”

அவர் முகம் சிவந்தது. “யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?”

“உங்க முன்னாடியேதாங்க பேசினோம். உங்களுக்குத்தான் கேக்கல.”

“வாசலைத் தாண்டுறவங்க நாளைக்கு வர வேண்டாம்.”

ஏழாம் தறிக்காரிக்குத் தன் ஒருத்தியால் இத்தனை பேர் அடுப்பும் அணைந்துவிடுமே என்று மனம் பதறியது. அப்போது ஓட்டுவதாகச் சொன்ன பத்தொன்பது பேரும் தறிப் பிடியிலிருந்து கையை எடுத்தார்கள். “அப்ப இன்னைக்கு ஒரு தறியும் ஓடாதுங்க,” என்றாள் கடைசித் தறிக்காரி.

முதலாளி பாதி நெய்த துணிகளைப் பார்த்தார். சாயங்காலம் அனுப்ப வேண்டிய சரக்கு அது. “பன்னெண்டுக்குள்ள வந்து சேரணும்,” என்றார்.

“எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்கன்னு கேக்கத்தாங்க நாங்களும் அங்க போறோம்,” என்றாள் வாயாடி.

நீதிமன்றத் தாழ்வாரத்தில், கதவிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை, தலையில் பஞ்சோடு பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். டவாலி வெளியே வந்தார்.

“இங்க கூட்டம் போடக் கூடாது.”

“கூட்டம் இல்லைங்க. இவளோட காது.”

பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தச்சர் காத்திருந்தார். இது அவருக்கு நான்காவது நாள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டரை மணிக்கு டவாலி கூப்பிட்டபோது, கதவோரம் நின்றவள் பக்கவாட்டில் அவர் உதட்டைப் படித்துக் கையைத் தூக்கினாள். அடுத்தவள் தூக்கினாள். பத்துக் கைகளும் எழுந்து பெஞ்சை வந்தடைவதற்குள் ஏழாம் தறிக்காரி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியாது. நீதிமன்றமே நிமிர்ந்தது.

“நான் வந்திருக்கேங்கம்மா. போன ரெண்டு தடவையும் வந்தேன், அதோ அந்த பெஞ்சுலதான் இருந்தேன். எனக்குக் காது கேக்காது. தறி எடுத்துக்கிச்சு. பிள்ளைய எடுத்துக்க யாரையும் விட மாட்டேன்.”

நீதிபதி கோப்பிலிருந்து முகத்தைத் தூக்கினார். இந்த வழக்கில் அவர் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார். ‘வரவில்லை’ என்று எழுதியதைத் திருத்தச் சொல்கிறேன். துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் பிள்ளை இப்போதைக்குக் காப்பகத்தில்தான். அடுத்த விசாரணை மூன்று வாரம் கழித்து.

மூன்று வாரம். அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

“எத்தனை மணிக்குங்கம்மா?” என்றாள் பக்கத்தில் நின்ற வாயாடி.

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். அந்த அறையில் யாரும் கேட்டிராத கேள்வி அது. நீதிபதி நாட்குறிப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “பதினொரு மணி. எழுதிக்கோங்க.”

வெளியே வந்ததும் வாயாடி அதைத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தச்சர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு டவாலியின் முன்னால் போய் நின்றார். “எனக்கும் மணி எழுதிக் குடுங்க.” கைக்குழந்தைக்காரி அவர் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

டவாலி திரும்பி நின்று ஏதோ சொன்னார். அவர் உதடு அவளுக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டியதுமில்லை. ஏழாம் தறிக்காரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். தறிகளை நிறுத்துகிற அந்தச் சைகையின் அர்த்தம் தச்சருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் கை உயர்ந்தது.