இரண்டு விரல் குட்டை

கதவு வந்தால்தான் பேரன் வருவான். கோட்டைக்குப்பத்து வேலம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. மகள் ஜமுனா மாசமாக இருக்கும்போது டெங்கு வந்து பிழைத்தவள். அதனால் பிரசவத்தைக்கூட ஆரம்பாக்கத்தில் தன் கண்ணெதிரேயே பார்த்துக்கொண்டாள் அவள் மாமியார் கஸ்தூரியம்மாள். "ஏரிக்கரையில கொசு அள்ளினு போவுது. வாசலுக்கு வலைக்கதவு போடுங்க, தாயும் புள்ளையும் ஒரு மாசம் அங்க இருக்கட்டும். இல்லன்னா பேச்சே வேணாம்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். கட்டில் வலை இருக்கிறதே என்று வேலம்மா இழுத்துப் பார்த்தாள்.

"புள்ள வலைக்குள்ள தூங்கும். பகலெல்லாம் தாயும் உள்ளயே குந்தினு இருப்பாளா?"

வேலம்மா போனை வைத்த கையோடு கதவு விலை விசாரிக்கக் கிளம்பினாள்.

பொன்னேரியில் வாங்கிய கதவு வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், நடுவில் பொடிக்கண் வலை. வாசலைவிட உயரம். "மேலயும் கீழயும் சமமா அறுத்துக்குங்க. உள்ள வெறும் குழாதான், அதிகமா அறுத்துட்டா ஒட்ட முடியாது" என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான்.

சம்பந்தி வருகிற அன்று காலையில் ஆக்ஸா பிளேடோடு உட்கார்ந்தான் புருசன் முத்து.

"பக்கத்து வூட்ல டேப்பு கீது, வாங்கியாரட்டுமாய்யா?"

"இன்னாமே, இந்தக் குப்பத்துல பாதி வலை நான் கட்டுனது. எனக்கு டேப்பா?"

வலை கட்டுகிறவனுக்கு நைலான் நூல்தான் அளவுகோல். வாசலின் மேலிருந்து தரை வரை நூலைப் பிடித்து, வலைக்கு இழுக்கிற மாதிரியே விண்ணென்று இழுத்து முடிச்சுப் போட்டான். வலை வேலையில் இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுப்பார்கள், அளவு தப்பாது. இங்கே கதவின் மேல் நூலை வைத்தபோது ஒரு கையில் பென்சில். நூல் தளர்ந்து தன் பழைய நீளத்துக்கே சுருங்கிவிட்டது. முடிச்சு விழுந்த இடத்தில் கோடு போட்டான், அறுத்தான், கதவை நிறுத்தினான்.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெருவெளிச்சம் தெரிந்தது.

வேலம்மா இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். முத்து மண்டி போட்டபடியே நூலை விட்டு விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கீலை முடுக்கிக் கதவை மாட்டிவிட்டு, ஒரு பழைய புடவையைச் சுருட்டி உள்பக்கம் அடியில் அண்டக்கொடுத்தார்கள். மேலே மிதியடியைப் போட்டதும் இடுக்கு தெரியவில்லை.

மத்தியானம் கஸ்தூரியம்மாள் வந்தாள். கதவைத் திறந்து மூடினாள், வலையை நகத்தால் சுண்டிப் பார்த்தாள். "பேஷா கீது சம்பந்தி" என்றாள். அந்த வாயில் இப்படி ஒரு வார்த்தை வருமென்று வேலம்மா கனவிலும் நினைத்ததில்லை. ஜமுனா கால் நீட்டிப் படுத்தாள். பேரன் வேலம்மாவின் மடியில் கொட்டாவி விட்டான். சாப்பாடு முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கஸ்தூரியம்மாள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அவள் போய்விட்டால் போதும், ஒரு மாசம் பேரன் இந்த மடியில்தான். முத்து கண்ணாலேயே சும்மா இரு என்றான். மடியில் கிடந்தவனின் கால் அவள் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. அதில் கொசு உட்கார எவ்வளவு இடம் வேண்டும்?

"சம்பந்தி, நில்லுங்க" என்றாள். காலால் மிதியடியைத் தள்ளினாள், புடவைச் சுருளை உருவினாள். "கதவு குட்டை. அறுக்கறதுல தப்பாயிடுச்சு. கொழந்தைய இட்டுனு போங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. குழந்தையை நீட்டினாள். கை மட்டும் விடமாட்டேன் என்றது.

கஸ்தூரியம்மாள் குனிந்து இடுக்கைப் பார்த்தாள். நிமிர்ந்து வேலம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லாமயே உட்டிருந்தா நான் பஸ் ஏறிப் போயிருப்பேனே."

"நீங்க போயிடுவீங்க. கொசு போவுமா?"

கஸ்தூரியம்மாள் செருப்பைக் கழற்றினாள். குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. "கதவு வளராது, வாசப்படி வளரும்" என்று முத்துவிடம் திரும்பினாள். "ரெண்டு விரக்கடைக்கு சிமெண்டு பூசுங்க சம்பந்தி. காயற வரைக்கும் எல்லாரும் கட்டில் வலைக்குள்ள படுத்துக்கலாம். அதுவரைக்கும் நானும் இங்கதான்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள் வேலம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இது வரைக்கும் உங்க வூட்டைப் பாத்துதான் பயந்தேன். உங்களைப் பாத்து இல்ல" என்றாள் கஸ்தூரியம்மாள். "மொதல்ல கண்ணத் தொடைங்க, புள்ள மேல சொட்டுது."

முத்து அதற்குள் சிமெண்டு வாங்கக் கிளம்பியிருந்தான். போகிற வழியில் பக்கத்து வீட்டு டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.