இன்ஷா அல்லாஹ் இல்லாத ரிட்டர்ன்

றலியா, கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் மணப்பெண் உடுப்புத் தைப்பவர். மாத்தளை வீதியில் ஒரு மாடிக் கடை, பெயர்ப்பலகையில் மகள் பஸ்னாவின் பெயர். அந்த பஸ்னா கல்யாணமாகி மெல்பேர்னில் இருக்கிறாள், வயிற்றில் முதற்பிள்ளை. எங்கள் ஊரில் தலைப்பிரசவத்துக்கு உம்மா பக்கத்தில் இருந்து நாற்பது நாளும் பார்க்க வேண்டும். பார்க்காத உம்மாவைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வார் என்பதுதான் றலியாவின் கவலை.

விசாவுக்குப் போட்டார். மறுத்துவிட்டார்கள். பயணத்தின் முடிவில் விண்ணப்பதாரர் தம் நாட்டுக்குத் திரும்புவார் என்று தமக்குத் திருப்தி ஏற்படவில்லையாம்.

"நான் திரும்பி வர மாட்டனாம்" என்றார் றலியா. "இந்தக் கடய உட்டுட்டு, மருமகன்ட வீட்டுல குளிருல போய்க் குந்திக்கொண்டு ஈப்பனாம்."

மறுப்பை விட அந்த வாக்கியம்தான் அவரைச் சுட்டது.

கணவர் றிஸ்வி ஹாஜியார் உடனே செயலில் இறங்கினார். ஹாட்வெயார் கடை அவருக்குத் தொழில், கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது வாழ்க்கை. மைக்கைக் கண்டால் அவருக்கு மூட்டுவலிகூட நின்றுவிடும். "இது ஆங்கிலப் பிரச்சின" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டாவது விண்ணப்பத்தைப் போடவைத்து, அதன் நேர்காணலுக்குப் பழக்கக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கணேஸ் மாஸ்டரைக் கூட்டி வந்தார்.

கணேஸ் மாஸ்டர் யாழ்ப்பாணத்தார். கண்டிக்கு வந்து முப்பது வருடமாகியும் கழுத்துப்பட்டியைக் கழற்றாதவர். ஆங்கில அகடமி ஒன்றின் நிறுவுநர், அதிபர், ஒரே ஆசிரியர். கதிரையில் உட்காரும் முன்பே வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

"மெடம், ரிட்டர்ன் எண்டுறது சும்மா வினைச்சொல் இல்லை. வாங்கின சாமானைத் திருப்பிக் குடுத்தாலும் ரிட்டர்ன். பந்தை அடிச்சுத் திருப்பினாலும் ரிட்டர்ன். தேர்தல்லை வெண்டு பாராளுமன்றம் போனாலும் ரிட்டர்ன். ஆனா உங்களுக்கு ஒரே ஒரு ரிட்டர்ன்தான் வேணும். வீட்டுக்கு வாற ரிட்டர்ன். கம் பேக் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அது சந்தைப் பேச்சு. ரிட்டர்ன் பேக் எண்டா குற்றம்."

றிஸ்வி ஹாஜியார் தலையாட்டினார். போன கிழமை வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் ரிட்டர்ன் பேக் என்று அவர் சொன்னதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"இப்ப ஒபிசர் கேக்கிறார், நீங்கள் திரும்பி வருவீங்களோ எண்டு. நிமிர்ந்து இருந்துகொண்டு சொல்லுங்கோ: செர்ட்டன்லி, ஐ ஷால் ரிட்டர்ன்."

"செர்ட்டன்லி, ஐ ஷால் ரிட்டர்ன், இன்ஷா அல்லாஹ்."

"கடைசிச் சொல் வேண்டாம், மெடம்."

"அது இல்லாம ஒரு விசயத்த செய்வன் எண்டு நான் சொல்ற இல்ல, சேர். நாளைக்கிக் கட தொறப்பன் எண்டுகூட சொல்ற இல்ல."

மாஸ்டர் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டார். "கோவிக்காதேங்கோ. உங்கட ஊர்க் கடையொண்டிலை நான் ஒரு மேசைக்கு ஓடர் குடுத்தனான். வெள்ளிக்கிழமை இன்ஷா அல்லாஹ் எண்டார். எத்தினை வெள்ளி போட்டுது. இண்டைக்கும் நான் கட்டிலிலை வைச்சுத்தான் பேப்பர் திருத்திறன். அந்தச் சொல்லைக் கேட்டா ஒபிசருக்கும் மேசைதான் ஞாபகம் வரும்."

"சேர் சொல்றதுல ஒரு பொயின்ட் ஈக்கு" என்றார் ஹாஜியார்.

றலியா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "குசினிப் பைப்ப நாளைக்கி இன்ஷா அல்லாஹ் செஞ்சு தாரன் எண்டு நீங்க சொன்னது, பஸ்னா ஏ லெவல் படிக்கக்குள்ள."

"அது வேற."

"அதத்தான் நானும் சொல்றன். ஒங்கட இன்ஷா அல்லாஹ் வேற, என்ட இன்ஷா அல்லாஹ் வேற."

இது வெறும் வாய்ப்பேச்சில்லை. ஏலாததை ஏலா என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரே கடை ஊரில் றலியாவின் கடைதான் என்று பேர். "அந்த மாசத்துக்குத் தச்சுத் தர ஏலா, வேற எடம் பாருங்க" என்று பெரிய வீட்டுச் சம்பந்தத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் "வியாழன் அசருக்குப் பொறகு, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டாரானால், வியாழன் மாலை அசர் தொழுகை முடிந்ததும் உடுப்பு அயர்ன் பண்ணித் தொங்கும். பிங்கா ஓயா ஆறு பெருகி வீதி முழுக்கத் தண்ணீர் ஓடிய ஒரு வியாழனில், ட்ரக்டர் பெட்டியில் கதிரை போட்டு உட்கார்ந்து, உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மணமகள் வீட்டுக்குப் போனவர் அவர். அன்றைக்கு வெள்ள நிவாரணக் கூட்டத்தில் றிஸ்வி ஹாஜியார் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பஸ்னா அழைத்தாள். "உம்மா, சேர் சொன்ன மாதிரியே சொல்லுங்களன். ஒரே ஒரு தரம். எனக்கு இங்க பயமா ஈக்கு."

றலியா, சாப்பிட்டாளா, காலில் வீக்கம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

போனை வைத்ததும் ஹாஜியார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மனசுக்குள்ள சொல்லேன் புள்ள. அல்லாஹ்வுக்குக் கேக்கும்."

"அல்லாஹ்வுக்குக் கேக்கும். அந்த ஒபிசருக்குக் கேக்காதே. நாளைக்கி என்ட கையில ஈக்கிற மாதிரி அவங்கட்ட பேச எனக்கு ஏலா. பேசினா, அது தச்சுத் தர ஏலாத உடுப்புக்கு ஓம் சொன்ன மாதிரி."

இரண்டாவது விண்ணப்பத்துக்கான தொலைபேசி நேர்காணல் ஒரு காலையில், கடையில் இருக்கும்போது வந்தது. அந்நேரம் மாஸ்டரும் ஹாஜியாரும் பாடத்துக்காக அங்கேதான் இருந்தார்கள். றலியா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார். தையல் மெசின்கள் நின்றன.

ஒரு பெண் அதிகாரியின் குரல். எதற்காகப் போகிறீர்கள், யார் செலவு, நீங்கள் இல்லாதபோது கடையை யார் பார்ப்பது. றலியா ஆங்கிலத்தில் அளந்து வெட்டியதுபோல் பதில் சொல்லிக்கொண்டு போனார். வெளிநாட்டு மணப்பெண்களுக்கு வீடியோவில் அளவு எடுத்துப் பழகிய ஆங்கிலம் அது. மாஸ்டர் ஒவ்வொரு பதிலுக்கும் பெருவிரலை உயர்த்தினார், தான் சொல்லிக் கொடுக்காதவற்றுக்கும் சேர்த்து.

"பயணம் முடிந்ததும் நீங்கள் இலங்கைக்குத் திரும்புவீர்களா?"

"திரும்புவேன், இன்ஷா அல்லாஹ்."

பெருவிரல் மடங்கியது. ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.

"அதை நான் ஆம் என்று எடுத்துக்கொள்ளலாமா, மெடம்?"

"ஆம்தான். பெருநாளுக்குப் பிறகு கல்யாணம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உடுப்பு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அவர்கள் மண்டபம் புக் பண்ணிவிட்டார்கள்."

அந்தப் பக்கம் கீபோட் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கடவுள் நாடவில்லை என்றால்?"

"அப்படியென்றால் பிளேனே பறக்காது, மெடம். அதற்கு நீங்களும் கையெழுத்துப் போட முடியாது, நானும் போட முடியாது. மற்றதெல்லாம் என் பொறுப்பு."

முடிவு மின்னஞ்சலில் வரும் என்று சொல்லி அதிகாரி நன்றி கூறினார். இணைப்பு அறுந்தது.

"முடிஞ்சுது" என்றார் மாஸ்டர். "செர்ட்டன்லியும் இல்லை, ஷாலும் இல்லை. விசா அதிகாரியிட்டைப் போய் பிளேன் பறக்காது எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

"பொய் ஒண்டும் சொல்லல்லயே, சேர்" என்று றலியா குண்டூசிகளைக் கையில் எடுத்தார். மெசின்கள் திரும்ப ஓடத் தொடங்கின.

பிறகு வந்த நாட்களில் ஹாஜியார் சந்தித்தவர்களிடமெல்லாம், தான் எவ்வளவோ சொல்லியும் மனைவி கேட்கவில்லை என்று விளக்கினார். பள்ளிவாசல் முற்றத்திலும் விளக்கினார். மார்க்கத்தில் உறுதி நல்லதுதான், ஆனாலும் இடம் பொருள் ஏவல் என்று ஒன்று இருக்கிறது என்றார். றலியா யாருக்கும் விளக்கவில்லை. ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணியை மென்மையாகும்வரை துவைத்து, சின்னச் சின்னச் சட்டைகளாக வெட்டிக்கொண்டிருந்தார்.

மின்னஞ்சல் ஒரு பகல் பொழுதில் வந்தது. விசா கிடைத்திருந்தது.

றிஸ்வி ஹாஜியார் அதைக் கடைப் பெண்களுக்கு உரத்து வாசித்தார், ஏதோ தானே கையொப்பமிட்ட தீர்மானம் மாதிரி. வாசித்து முடித்ததும் குடும்ப வட்ஸ்அப் குழுவில், தமது இடையறாத முயற்சியினாலும் தக்க வழிகாட்டலினாலும் என்று தொடங்கி நீண்ட அறிவித்தல் ஒன்றைப் போட்டார். வந்து குவிந்த அத்தனை பதிலும் "மாஷா அல்லாஹ், றலியா தாத்தா" என்றே இருந்தன. எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம். ஹாஜியாரின் தங்கை மகன் அமான் மட்டும் "மாமா, குசினிப் பைப் எப்படி?" என்று கேட்டிருந்தான். செய்தி அதுவரைக்கும் போயிருக்கிறது.

மாஸ்டரும் அழைத்தார். தனது மாணவி ஒருவர் வெற்றி பெற்றதில் அகடமி பெருமைப்படுகிறதாம்.

"பெருமப்படுங்க சேர்" என்றார் றலியா. "அந்த மேசக்கார மனிசன்ட பேரச் சொல்லுங்க. நான் போகமுந்தி அவர்ட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போறன்."

எல்லாம் அடங்கியபின் மகளுக்கு அழைத்தார். பஸ்னா அழுதாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

"எப்ப வாரீங்க உம்மா?"

"வார ஞாயித்துக்கிழம காலையில ஒன்ட வீட்டுல ஈப்பன், இன்ஷா அல்லாஹ்."

மகள் வேறொன்றும் கேட்கவில்லை. "இந்தக் கட்டில உம்மாக்கு மற்ற அறையில போடுங்க" என்று போனை வைக்காமலே புருசனிடம் சொன்னாள். கட்டில் இழுபடும் சத்தம் அக்குறணை வரைக்கும் கேட்டது.