மாடிப்படி அறையும் இரண்டாம் தாளும்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அறை கேட்டு வந்த, தையல் மெஷின் பழுது பார்க்கும் அக்காவுக்கு மனுப் படிவத்தை மட்டும் கொடுத்தேன். அதோடு தர வேண்டிய அறிமுகத் தாளைத் தரவில்லை. அவர் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான், இவரை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். தவறு சிறியதுதானா?

எழுதியதை மறுநாள் மதியம் படித்தவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள். வணிகர் சங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை, மாலையில் வகுப்பு. எதையும் குறித்துவைக்கும் பழக்கத்தால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'டைரி'.

சங்கக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை காலியாக இருந்தது. தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு அதைத் தருவதில்லை. ஆனால், "இவரை எனக்குத் தெரியும்" என்று தெருக் கடைக்காரர் இருவர் அறிமுகத் தாளில் கையெழுத்திட்டால் அந்த விதி தளரும். யாருக்கு அறை என்பதை அன்று மாலை ஐந்து மணிக்குக் குழு முடிவு செய்யும். டைரி தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்காவின் பட்டறை சமையலறையின் ஒரு மூலை. மேசைக்கு அடியில் பழைய கம்பளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தார்; சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். அப்படியும் கேட்டுவிட்டது. மாதக் கடைசிக்குள் மெஷினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"நேத்தே குடுத்திருக்கணும்க்கா. என் தப்புதான்."

அக்கா தாளைப் படித்தார். "தெரிஞ்சவங்க கையெழுத்தா? எனக்கு இங்க தபால்காரரைத்தான் தெரியும். அவரும் மாடி ஏற மாட்டாரு, கீழ இருந்தே கத்துவாரு."

டைரியின் கண் சுவரோரத்து மெஷின்களில் நின்றது. ஒவ்வொன்றின் கழுத்திலும் துணிக்கீற்று கட்டி, கடையின் பெயர் எழுதியிருந்தது. எல்லாம் அவர்கள் தெருக் கடைகள்.

"அக்கா, இவங்க எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே?"

"மெஷின்தான் வரும் தங்கச்சி. யாராவது தூக்கிட்டு வருவாங்க, தூக்கிட்டுப் போவாங்க. முதலாளிங்க முகத்தை நான் பார்த்ததே இல்ல."

"இப்போ போய்ப் பார்ப்போம், வாங்க."

முதலில் சீருடை தைப்பவர் கடை. அவர் தாளைத் தொடவே இல்லை. "வேலை சுத்தம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஆளைத் தெரியாதேம்மா. தெரியாதவங்களுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அக்கா வாதாடவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் பக்கம் காதைக் கொடுத்தார். "அண்ணே, ரெண்டாவது மெஷின் கீழ்நூலை இழுக்குது. போன மாசம் நான் சரி பண்ணி அனுப்பினதுதான். அப்புறம் யாரோ திருகியிருக்காங்க."

தையற்காரர் தலையைச் சொறிந்தார். "என் மச்சான்தான். எதைப் பார்த்தாலும் திருகிப் பார்ப்பான்."

அக்கா குனிந்து, நூல் டப்பாவின் திருகை அரைச் சுற்று தளர்த்தினார். மெஷின் முனகலை நிறுத்திவிட்டு ஓடியது. தையற்காரர் பேனாவை எடுத்தார். "கை தெரிஞ்சிடுச்சு. இனிமே முகம் என்ன முகம்."

ஒரு கையெழுத்து கிடைத்தது. அடுத்த இரண்டு கடைகள் பூட்டிக் கிடந்தன. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரைச்சீலைக் கடை வாசலில் அதன் முதலாளியான சங்கச் செயலாளரே எதிர்ப்பட்டார்.

"நேத்து வந்தவங்களுக்கு இன்னிக்கு அறை குடுத்தா, நாளைக்குச் சங்கம் சத்திரம் ஆயிடும்" என்றார் தாளைப் பார்த்து.

இது தன் வேலைக்கே உலை வைக்குமோ என்று டைரி ஒரு கணம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "ஐயா, இந்தத் தாளையே நான் இவங்களுக்குக் குடுக்கல. யாருக்கும் இவங்களைத் தெரியாதுன்னு நினைச்சேன். அது தப்பு. நம்ம தெருவுல பதினோரு கடை இவங்க கையாலதான் ஓடுது. உங்க கடை மெஷின் இப்போ இவங்க சமையல்கட்டுல இருக்கு."

"அந்தப் பெரிய மெஷினா?" செயலாளரின் குரல் இறங்கியது. "அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணுமே. எங்க வெச்சிருக்கேம்மா?"

"அடுப்புக்கும் தண்ணிக் குடத்துக்கும் நடுவுல" என்றார் அக்கா. "நாளைக்குக் காலையில தயாராயிடும்."

செயலாளர் தாளை வாங்கித் தன் கடைப் பலகை மேல் வைத்துக் கையெழுத்திட்டார். குழுவிலும் அவரே பேசினார்.

"என் மெஷினுக்கு அவங்க அடுப்படியில இடம் குடுத்திருக்காங்க. நான் அவங்களுக்கு மாடிப்படிக்குக் கீழகூட இடம் இல்லேன்னேன். பிழைக்க வந்தவங்க உழைப்பை மட்டும் உள்ள விட்டுட்டு, ஆளை வாசல்லயே நிறுத்தறது நியாயமில்லை. அவங்க கால் ஊன்ற இடத்தை நாமதான் காட்டணும். அவங்க நின்னாத்தான் நம்ம தெருவும் நிக்கும்."

அறை அக்காவுக்கு என்று முடிவானது. டைரி வகுப்புக்குத் தாமதமாகப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள்.

மார்ச் 12, புதன். தவறு சிறியதல்ல. ஒருவருக்கு யாரையும் தெரியாது என்று முடிவு செய்ய நான் யார்? கேட்டிருக்க வேண்டும். நாளை: ஒன்பது மணிக்கு அக்காவிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், மீதமுள்ள எல்லா மனுப் படிவங்களோடும் அறிமுகத் தாளைச் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும்.