சீனி கிழங்கு ஒரு ஒரு டம்ளர்

ஒரு காரியம் ஏன் அப்படி ஆனது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இது எனக்குள்ள ஒரு குணம். ரோஷக்காரி என்பது இன்னொரு குணம். இந்த இரண்டும் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்று போன சனிக்கிழமை வரை எனக்கே தெரியாது.

அன்று பள்ளிக்கூடம் லீவு. ஆறாவது படிக்கிற என் மகள் சாதியா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள், சின்னம்மா செய்யும் டோனட் வேண்டும் என்று. சின்னம்மா என்றால் என் தங்கை நிலோபர். கட்டப்பனையில் இருக்கிறாள். எங்கள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் போய் மலையேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் இருக்கலாம். ஆனால் நாங்கள் இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்தப் புது வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, என் மாமியார் வீட்டு ஜனம் அத்தனை பேர் முன்னாலும், "அடுப்படி இருட்டா இருக்கேக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருட்டோ வெளிச்சமோ இது சொந்த அடுப்படி, உன்னது வாடகைதானே என்று கேட்டுவிட்டேன். அவள் பிரியாணியில் கைகூட வைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்காக நானா போன் போடுவது? ஆரம்பித்தது அவள்தானே!

அடுப்படியில் பட்டப்பகலிலும் லைட் எரியும். அது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் சேக் தாவூது திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார். யாரையும் கேட்க வேண்டியதில்லை, செய்முறை என் போனிலேயே இருக்கிறது என்று நான் வெட்டிப் பேசினேன். பொய்யில்லை. சண்டைக்கு முந்தி அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் தேடி எடுத்தேன்.

'மைதா நாலு டம்ளர் சீனி கிழங்கு ஒரு ஒரு டம்ளர் முட்டை ரெண்டு வெண்ணெய் ரெண்டு ஸ்பூன் பேக்கிங் பவுடர் ரெண்டு ஸ்பூன் பெசஞ்சு ஊறவச்சு வட்டமா வெட்டிப் பொரி.' புள்ளி வைப்பது, கமா போடுவதெல்லாம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

சீனிக்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, வாங்கிவந்து அவித்து மசித்தேன். 'ஒரு ஒரு டம்ளர்' என்றால் என்ன கணக்கு என்று அங்கேதான் முட்டியது. ஒன்றும் ஒன்றும் ரெண்டுதானேம்மா என்றாள் சாதியா. சரி என்று இரண்டு டம்ளர் போட்டேன். இனிப்புப் பலகாரத்துக்குச் சீனியே எழுதக் காணோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. கிழங்கே இனிக்கும், அதற்கு மேல் எதற்கு என்று பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

மாவு கையைவிட்டு வரமாட்டேன் என்றது. மைதாவை அள்ளி அள்ளிக் கொட்டி, எவர்சில்வர் டம்ளரால் வட்டமாக வெட்டி, பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துப்போனது. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. தீயைக் குறைத்தேன், எண்ணெய் குடித்து விரிந்தது. மைதாவைக் கூட்டினேன், சாதியா ஒரு கடி கடித்துவிட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

"நெசமா சின்னம்மா இப்டித்தாம்மா செஞ்சாக?" என்று கேட்டாள்.

கோபம் தலைக்கேறியது. ஆனால் அதைவிட அந்தக் கேள்விதான் குடைந்தது. அதே மைதா, அதே முட்டை. அவள் செய்தது பஞ்சாக உப்பியது, என்னுடையது ஏன் சாணியாகக் கிடக்கிறது? மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

கடைசியில் ரோஷம் தோற்றது. அரையும் குறையுமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் தோற்றது. ஒரு வார்த்தைகூட எழுதாமல், கறுத்த டோனட்டைப் போட்டோ எடுத்து நிலோபருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் அதற்குமேல் எனக்குத் தாங்காது.

போன் அடித்தது. சலாம்கூட இல்லை, எடுத்த எடுப்பில் என்ன போட்டே என்றுதான் கேட்டாள். அவளும் என் ரத்தம்தானே, அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். நீ சொன்ன சீனிக்கிழங்குதான் என்றேன். நான் எப்போது சொன்னேன் என்று அவள் எகிறினாள். அவள் எழுதியதையே அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மூச்சு முட்டும்வரை சிரித்தாள்.

"சீனி ஒரு டம்ளர், கிழங்கு ஒரு டம்ளர்க்கா. கிழங்குன்னா உருளைக்கிழங்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது, இந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம் ஆயிற்றே என்று. மாவு நிறம் மாறியதைப் பார்த்தாவது சந்தேகம் வரவில்லையா, கண்ணு தெரியவில்லையா என்று அவள் கேலி செய்துகொண்டே போனாள்.

"ஒன் அடுப்படி..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

நான் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த லைட்டைப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில்.

"இருட்டுதான் நிலோ. ரெண்டு வருசமாப் பகல்லயும் லைட்டப் போட்டுத்தான் பொங்குறேன். நான் ஒன்னையச் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன். கிழங்கு நானே கொண்டாரேன், நீ ஒண்ணும் வாங்காத."