பத்து மடங்கு வெள்ளித் தண்ணீர்

புது மூக்குக்கண்ணாடி வந்த அன்றுதான், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரின் மூலையில் பொடி எழுத்தில் '×10' என்று ஒன்று மினுக்குவது டெல்மர் ராஸ்க்கின் கண்ணில் பட்டது. எட்டு மாதமாக அது அங்கேயேதான் மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மாதமாக அவரும், ஐடஹோ மாநிலத்திலேயே தன்னை விட்டால் விஞ்ஞானி இல்லை என்ற நினைப்பில், மூன்று பேட்டரியும் இரண்டு வெள்ளிக் கம்பியும் வைத்துப் பட்டறையில் சகல நோய்க்கும் மருந்தென்று வெள்ளித் தண்ணீர் தயாரித்து, ஜாடிக்கு ஜாடி 'வீரியம் 112' என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ ஆயிரத்து நூத்தி இருபது" என்றாள் மனைவி ஜூனெல், பட்டாணி உரித்தபடி. "சீக்கிரம் ஆகணும்னு உப்பு வேற போட்டியே."

"ஒரு சிட்டிகைதான்."

"உப்பு எது, வெள்ளி எதுன்னு அந்த மீட்டருக்குத் தெரியாதாம். டப்பாவுலயே போட்டிருக்கு. இப்பத்தான் கண்ணு தெரியுதே, படி."

படித்தார். போட்டிருந்தது. ஜாடிக்குள் எவ்வளவு வெள்ளி என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

டெல்மர் அதைக் குடிப்பதில்லை. ஆணியைச் சப்பியது போலிருக்கும். சனிக்கிழமைதோறும் ஒரு ஜாடி பக்கத்துப் பண்ணை ஓர்வா பெட்டிஸுக்குப் போகும். போன குளிர்காலத்தில் இவர் இடுப்பு முறிந்து படுத்தபோது, எழுபத்தாறு வயதில் அந்த அம்மாள் முழங்கால் பனியில் நடந்து வந்து ஒன்பது வாரம் இவருடைய பதினான்கு மாடுகளுக்கும் வைக்கோல் போட்டாள். நன்றி சொன்னால் காதில் வாங்க மாட்டாள். அதனால் தன்னிடம் இருந்ததிலேயே பெருமையான பொருளைக் கொடுத்தார். தினம் காலையில் ஒரு கரண்டி என்றும் சொல்லி வைத்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ஜாடி ரொம்ப நல்லாருக்கு" என்பாள்.

வெள்ளி அதிகமானால் தோல் சாம்பல் நிறமாகி, பிறகு மாறவே மாறாதாம். அதைப் படித்தபோது சிரித்தவரும் இவர்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். கதவைத் திறந்த ஓர்வாவின் முகம் நெற்றி முதல் தாடை வரை சாம்பல் நிறம். டெல்மர் அந்த முகத்தையே வெறித்துப் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்குற? அடுப்பு சுத்தம் பண்ணிட்டிருந்தேன்." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கன்னத்தைத் துடைத்தாள். உள்ளே ரோஜா நிறம்.

மீட்டர், உப்பு, பத்து மடங்கு எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டித் தீர்த்தார். "எவ்வளவு குடிச்சீங்க மிசஸ் பெட்டிஸ்? ஜாடியப் பத்திச் சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

ஓர்வா சாம்பல் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல, டெல்மர். நீ போனதும் சரளைக் கல்லுல ஊத்திடுவேன். மாசாமாசம் என் பீட்ரூட் ஊறுகாயத் தின்னுட்டு இருக்கியே, அது எந்த ஜாடியில வருதுன்னு நெனச்ச? சொன்னா நீ சனிக்கிழமை வர மாட்டேன்னுதான் சொல்லல."